உறை

கோலக்கெட்டில் கிளினிக்கிலிருந்து
அந்தப் பழுப்பு உறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
மின்சார பில்லுக்கும்
லோரி கம்பெனி நாட்காட்டிக்கும் நடுவில்.
பிரிப்பது என் வேலை.
பிரித்தேன்.

பரிபூரணம். மூன்றாம் வரிசை. வயது நாற்பத்தெட்டு.
நுரையீரல் காசம்.

மிஸ்டர் குவேக் இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
"பெயர் இந்த அறையைத் தாண்டக் கூடாது."
சரி என்றேன். சரிதானே?
அவள் உடம்பு அவளுடையது.
அவள் மார்புக்கூட்டை
நோட்டீஸ் பலகையில் குத்தி வைக்க
நாங்கள் யார்?

ஆனால் மூன்றாம் வரிசையில்
பூரணக்காவுக்குப் பக்கத்தில் நிற்பவள் துர்காஷினி.
ஏழு மாதம்.
வரிசை வரிசையாய் நகர்ந்து வரும் பீங்கான் கைகளிலிருந்து
ரப்பர் கையுறையை உரித்தபடி
பன்னிரண்டு மணி நேரம்,
இருவருக்கும் ஒரே காற்றாடி.
ஊரார் கைக்கெல்லாம் உறை செய்கிறோம்.
அவள் மூச்சுக்கு ஒன்றுமில்லை.

மெமோ அடிக்கச் சொன்னார்.
"நம் தொழிற்சாலையில் ஒருவருக்குத் தொற்றுநோய்" என்று அடித்தேன்.
"ஒருவருக்கு" வேண்டாம் என்றார்.
பிறகு "தொற்று" வேண்டாம்.
பிறகு "நோய்" எதற்கு?
கடைசியில் மூன்று மொழியிலும் மிஞ்சியது:
இருமும்போது வாயை மூடவும்.

யாரை, என்றது கண்டீன்.

ஒரு சொட்டு உறைமோர் போதும்,
விடிவதற்குள் குடம் முழுக்கத் தயிர்.
நேப்பாளி லோக்நாத் இருமுகிறான்,
மாவுத் தூசியில் வேலை செய்பவன், எப்போதும் இருமுபவன்.
வியாழக்கிழமை அவன் குவளை குப்பைத்தொட்டியில் கிடந்தது.
வெள்ளிக்கிழமை அவன் மெத்தை
ஹாஸ்டல் நடைபாதையில்.
மழைச் சாரலில் நனைந்த மூலையை
அவன் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தான்,
என் ஜன்னலுக்கு நேராக.

இவன் இல்லை என்று நான் சொல்லலாம்.
அப்ப யாரு, என்பார்கள்.
இல்லை என்பதிலேயே
பாதிப் பெயர் இருக்கிறது.

துர்காஷினியை மட்டும்
பேக்கிங்குக்கு மாற்றி எழுதினேன், யாரிடமும் கேட்காமல்.
அங்கே ஓவர்டைம் கிடையாது.
மாதம் முந்நூறு ரிங்கிட் குறையும்.
கவுண்டருக்கு வந்து நின்றாள், வயிறு முன்னால்.
"என்ன தப்பு செஞ்சேன் கிராணி?
வயித்தப் பாத்து ஒதுக்குறீங்களா?"
"ஆர்டர் கம்மி" என்றேன்.
எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்.
"ஒங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல"
என்று மட்டும் சொல்லிப் போனாள்.

மருத்துவ விடுப்புக் கணக்குக் கேட்க
பூரணக்காவே போன் செய்தாள்.
மாத்திரை சாப்பிட்டால் ஒண்ணுக்கு ஆரஞ்சாய்ப் போகிறதாம்,
சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள்.
"துர்கா எப்படி இருக்கா? அவகிட்ட சொல்லிட்டீங்கதானே?"
நான் பேசவில்லை.
"என்னம்மா நீங்க.
என்னய ஒரு வார்த்த கேட்டிருந்தா
நானே சொல்லியிருப்பேனே.
பக்கத்துல புள்ளத்தாச்சி."

கேட்க வேண்டும் என்று
எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை,
அத்தனை அக்கறையாக
அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

பத்தொன்பதாம் நாள் எக்ஸ்ரே வண்டி வந்தது.
எல்லோரும் வரிசையில் நின்றார்கள், நானும், குவேக்கும்.
லோக்நாத் சுத்தம்.
மெத்தையை உள்ளே எடுத்துப் போக
ஒருவன் கூட கை கொடுக்கவில்லை.
துர்காஷினியின் சளியில் ஒன்றுமில்லை;
இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று இன்னொரு பழுப்பு உறை.
பிரிப்பது என் வேலை.
என் பெயர்.
நிழல் தெரிகிறது, மறுபடி வந்து சளி கொடுக்கவும்.
வேறொன்றும் இல்லை, இரண்டே வரி.

எதிர் மேசை நோர்ஹஸ்லிண்டா
கறிபாப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்,
வழக்கம் போல, பாதியைக் கடித்தபடி.
நான் எழுந்து போய்
துருப்பிடித்த ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.
செம்பனை ஆலையின் வாடை உள்ளே வந்தது.

"ஏர்கான் ஓடுதே," என்றாள்.
"என்ன விஷயம்?"